வெறும் உலை

“…அது சரி, பேரை மாத்தித்தான் எழுதியிருக்காய். பேரை மாத்தினா ஆள் மாறிருமா புள்ள?”

அக்கா இதைச் சத்தமாகக் கேட்கவில்லை. சாப்பாட்டுப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, கறிக்கு உப்புக் காணுமா என்று கேட்பதுபோலக் கேட்டார். சாப்பாட்டு அறையில் எங்கள் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எல்லோரும் அவரவர் சோற்றைப் பார்த்தார்கள். என் வாயில் ஒரு கவளம் கிடந்தது. 

அவர் அடுத்துச் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால், நான் செய்ததை முதலில் சொல்ல வேண்டும். அதுதான் முறை.

சென்ட் லோரன்டில் விற்றமின் குளிசைகளைப் போத்தலில் அடைக்கிற தொழிற்சாலை ஒன்றில் பதினொரு வருடம் வேலை செய்தேன். காலை ஆறு மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணிவரை. போத்தலுக்குள் பஞ்சு வைப்பது நான்; எனக்கு அடுத்து மூடி சரியாக இறுகியிருக்கிறதா என்று பார்ப்பது அக்கா. லைனில் மற்றவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணப் பக்கம். அக்கா மட்டும் மட்டக்களப்பு. அவருடைய ‘புள்ள’யையும் ‘மனே’யையும் சிலர் சொல்லிக்காட்டிச் சிரிப்பார்கள். அவர் அதைப் பொருட்படுத்த மாட்டார். “சிரிக்கிற வாய்க்குள்ளதான் ஈ போகும்” என்று சொல்லிவிட்டு அடுத்த மூடியைப் பார்ப்பார்.

இப்படி அவரிடம் நூறு இருந்தன. எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம்: யாராவது நறுக்கென்று ஒன்றைச் சொன்னால் அதை எழுதி வைக்காவிட்டால் நித்திரை வராது. கிழிந்த அட்டைப் பெட்டியின் மடலில் எழுதி, மேலங்கிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவேன். குறை மட்டுமே கண்டுபிடிக்கிற மேற்பார்வையாளரைப் பற்றி அக்கா ஒருநாள் சொன்னார்: “நூல் கோக்காத ஊசி ஓட்டைதான் போடும்.” அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அதை நான்கு தரம் எடுத்து வாசித்தேன். அது பின்னால் எனக்கே பொருந்தும் என்று அப்போது தெரியவில்லை.

அந்தச் சாப்பாட்டு அறையில் ஆளுக்கொரு சொத்து இருந்தது. ஒருவருக்கு டொலார்ட் பக்கம் இரண்டு கராஜ் வைத்த வீடு. ஒருவருக்குப் பல் வைத்தியம் படிக்கிற மகள். அக்கா கார்ட்டியர்வில்லில் நிலக்கீழ் வீட்டில் தனியாக வாடகைக்கு இருந்தார், புருசன் இல்லை. அவருடைய சொத்து, மகனின் தொலைபேசி அழைப்பு. மகன் விமானத்தில் நாலு மணித்தியாலத் தூரத்தில், கல்கரியில் பொறியியலாளர். பன்னிரண்டு மணிக்கு மணி அடிக்கும், நாங்கள் மயிர் கொட்டாமல் போடுகிற தலைவலையோடு வந்து உட்காருவோம். பன்னிரண்டு பத்துக்கு அக்கா கைபேசியைக் காதில் வைப்பார்.

“ஓம் மனே. சாப்பிட்டியா மனே? அங்க குளிரா? தொப்பியப் போட்டுக்கொண்டு போ என்ன.”

மூன்று நிமிடம், நான்கு நிமிடம். வைத்துவிட்டு, “ஆள் மீற்றிங்குக்குப் போகுது” என்று சொல்லிச் சாப்பிடத் தொடங்குவார். அந்த நேரம் அறையில் ஆளாளுக்குத் தங்கள் கைபேசியைத் திருப்பிப் பார்ப்பார்கள். பொறாமைதான். லேபிள் மெஷினில் நிற்கிற அக்கா ஒருத்தி, வாய்க்காரி, வாய்விட்டே சொல்லுவார்: “என்ரை பெடியன் மேல்மாடியில இருந்து கீழ்மாடிக்கு மெசேஜ் அனுப்புறான், சோறு இருக்கோ எண்டு. உங்கடை ஆள் கல்கரியில இருந்து நாள் தவறாமல் எடுக்குது. குடுத்துவைச்ச மனுசி நீங்கள்.” எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிற அந்த அறையில், அந்த ஒரு இடத்தில்தான் அக்கா மற்றவர்களுக்கு மேலே உட்கார்ந்திருந்தார்.

இனி என் கதை. எனக்குப் படிப்பு பதினேழு வயதில் நின்றது. ஏன் நின்றது என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிறகு படித்ததெல்லாம் நூலகத்தில் எடுத்ததும், பஸ்ஸில் வாசித்ததும், சனத்தின் வாயிலிருந்து பொறுக்கியதும்தான். முப்பத்தெட்டு வயதில், மகள் வளர்ந்துவிட்ட பிறகு, கல்லூரிக்குப் போக முடிவெடுத்தேன். இங்கே பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் இரண்டு வருடக் கல்லூரி ஒன்று உண்டு, சீஜெப் என்பார்கள். அதை முடித்துவிட்டுத்தான் பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டும். என்னைப்போல் வயது வந்தவர்களுக்கு வேறு குறுக்குவழி இருந்ததாம். கல்லூரியை முடித்த பிறகுதான் ஒருவர் எனக்கு அதைச் சொன்னார். வேலை முடித்துப் பிற்பகல் வகுப்புகளாக, இரண்டு வருடப் படிப்பை நான்கு வருடத்தில் இழுத்து முடித்தேன்.

சமூகவியல் எடுத்தேன் என்று சொன்னதும் சாப்பாட்டு அறை விட்டுவைக்கவில்லை.

“அதென்ன படிப்பு?”

“சனம் எப்படிச் சீவிக்குது, ஏன் அப்படிச் சீவிக்குது எண்டு படிக்கிறது.”

“அதுக்கேன் காலேஜ்? நாங்கள் அதைத்தானே இஞ்சை ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் படிக்கிறம்,” என்றார் லேபிள் அக்கா. அன்றிலிருந்து எனக்குப் பெயர் ‘புரொபசர்’. “புரொபசர் வாறா, கதையை நிப்பாட்டுங்கோ, எழுதிப்போடுவா.” அப்போது அது பகிடி.

சிரிக்காதவர் அக்கா ஒருவர்தான். பரீட்சைக் காலத்தில் என் பஞ்சு வேலையையும் சேர்த்துத் தன் கையால் பார்த்துக்கொண்டு, “நீ கண்ணை மூடிப் பாடமாக்கு புள்ள, மெஷினுக்குத் தெரியாது” என்பார்.

ஆசிரியை என்னைவிட வயது குறைந்தவர். பனியிலும் சைக்கிளில் வருகிற, எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற, நல்ல மனம் உள்ள பெண். முதல் நாளே சொன்னார், மனிதர்கள் பேசுவதைக் கூர்ந்து கேட்பதுதான் இந்தப் படிப்பின் பாதி என்று.  வாழ்நாள் முழுக்க நான் இதைத்தானே சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தேன். பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் பின்வரிசையில் இருந்துகொண்டு, இந்த ஒன்றில் நான் இவர்களை வெல்லுவேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் எல்லாம் தொடங்கியது.

கடைசி வருடத்தில் ஒரு வேலை தந்தார்கள். ஒரு ஆளைப் பேட்டி கண்டு, ஒலிப்பதிவு செய்து, அதை ஆராய்ந்து எழுத வேண்டும். நாட்டை விட்டு வந்தவர்கள் குடும்பத்தோடு எப்படித் தொடர்பு வைத்திருக்கிறார்கள் என்பது நான் எடுத்த தலைப்பு. ஆளின் பெயரை மாற்ற வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டும் செய்தால் போதும் என்று தாளில் எழுதியிருந்தது.

யாரைக் கேட்பது என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். மரவள்ளிக்கிழங்கு அவித்து, சம்பல் இடித்து வைத்திருந்தார். படிவத்தை நான் தமிழில் வாசித்துச் சொன்னேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்று மட்டும் கேட்டார்.

“இத ஆர் வாசிக்கிற?”

“ரீச்சர் மட்டும்தான் அக்கா.”

“அவ வெள்ளக்காரிதானே?”

“ஓம்.”

கையெழுத்து வைத்தார். தமிழில், முழுப் பெயரையும்.

கைபேசியில் பதிவை அழுத்தி மேசையில் வைத்தேன். பேட்டி என்றால் லேசான கேள்வியில் தொடங்க வேண்டும் என்று படித்திருந்தேன். எனக்குத் தெரிந்த ஆக லேசான கேள்வியைக் கேட்டேன்.

“மகன் ஒவ்வொரு நாளும் எடுக்கிறார். அப்படி என்ன அக்கா கதைப்பீங்கள்?”

அக்கா கிழங்கின் நாரை உரித்துக்கொண்டிருந்தார். உரித்து முடித்துத் தட்டில் வைத்தார்.

“அந்தப் பக்கம் ஆரும் இல்ல புள்ள.”

“என்னக்கா?”

“போன்ல. ஆரும் இல்ல.”

மகன் கதைத்து ஆறு வருடம். அவன் கட்டின பெண்ணைப் பற்றி அக்கா ஒரு சொல் சொல்லிவிட்டார். கலியாணத்துக்கு அடுத்த நாள், நான்கு பேருக்கு முன்னால். என்ன சொல் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மகன் இலக்கத்தை மாற்றிவிட்டான். இந்த வேலைக்கு வந்த முதல் கிழமை, சாப்பாட்டு அறையில் யாரோ கேட்டிருக்கிறார்கள், “பிள்ளையள் எடுக்கிறதில்லையோ?” அன்றைக்குத்தான் முதல்முறை வெறும் கைபேசியைக் காதில் வைத்தாராம்.

“வெறும் தண்ணி கொதிச்சாலும் உலைதானே புள்ள. சத்தம் கேட்டா அடுத்த வீட்டுக்காரன் அரிசி இருக்கெண்டு நினைப்பான்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். “இப்ப எனக்கே பழகிட்டு. சாப்பிட்டியா மனேயெண்டு கேட்டாத்தான் எனக்குச் சோறு இறங்கும்.”

எனக்குக் கண் கலங்கியது உண்மை. கலங்கின கண்ணால், கைபேசியில் சிவப்புப் புள்ளி இன்னும் எரிகிறதா என்று பார்த்ததும் உண்மை. எரிந்தது. ஒரு நல்ல மனுசி அப்போது கையை நீட்டி அதை நிறுத்தியிருப்பாள்.

பன்னிரண்டு பக்கம் எழுதினேன். பெயரை மாற்றினேன். தொழிற்சாலையை ‘ஒரு வேலைத்தளம்’ ஆக்கினேன். கல்கரியை ‘வேறொரு மாகாணம்’ ஆக்கினேன். அந்த உலைச் சொல்லை மட்டும் தொடவில்லை. ஆங்கிலத்தில் ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தேன். அதை மாற்றினால் பொய் என்று நினைத்தேன். உண்மையில், அது இல்லாவிட்டால் என் கட்டுரையில் ஒன்றுமே இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் பன்னிரண்டு பக்கத்தில் உயிர் உள்ள ஒரே வரி அவருடையது. மற்றதெல்லாம் புத்தகத்தில் இருந்து எடுத்த பெரிய பெரிய பெயர்கள். வெறும் கைபேசிக்குக்கூட அங்கே ஒரு பெயர் இருந்தது.

வகுப்பிலேயே ஆக உயர்ந்த புள்ளி எனக்கு. ஆசிரியை கூப்பிட்டு, தவணை முடிவில் நல்ல வேலைகளை நடைபாதைச் சுவரில் பெரிய தாளில் ஒட்டுவோம், உன்னுடையதையும் ஒட்டலாமா என்று கேட்டார். ரீச்சர் மட்டும் என்று நான் அக்காவுக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. வந்தது, போனது. என் வாழ்க்கையில் நான் எழுதின ஒன்றையும் யாரும் சுவரில் ஒட்டியதில்லை. ஓம் என்றேன்.

“அந்த வரியை உங்கள் தமிழ் எழுத்திலேயே மேலே பெரிதாக எழுதுங்களேன், பார்க்க அழகாக இருக்கும்,” என்றார்.

எழுதினேன். கறுப்பு மார்க்கரில், அக்காவின் வாயில் வந்தபடியே. அந்தக் கல்லூரியில் எங்கள் பிள்ளைகள் ஐம்பது அறுபது பேராவது படித்தார்கள். அவர்களைப் பற்றி நினைக்காமல் இல்லை. ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகள். வீட்டில் ஆங்கிலம், பள்ளியில் பிரெஞ்சு, தமிழ் என்றால் கோயில் பலகையில் இருக்கிற வளைவுகள். எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்று எத்தனை கூட்டத்தில் கவலைப்பட்டிருப்போம். அன்றைக்கு அந்தக் கவலையை நம்பித்தான் நான் அதை எழுதினேன்.

அது உண்மைதான், அதைக் கண்ட பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வராது. லேபிள் அக்காவின் கடைசி மகள், அங்கே முதலாம் வருடம். கல்லூரிச் சுவரில் தமிழ் எழுத்தைக் கண்டதும் அவளுக்குப் பெருமை. படம் பிடித்துத் தாய்க்கு அனுப்பினாள்: அம்மா, எங்கட காலேஜில தமிழ், இதில என்ன எழுதியிருக்கு? அந்தப் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை. இந்தக் கதையில் பிழை இல்லாத ஆள் அவள் ஒருத்திதான்.

தாய் வாசித்தார். அதே சொல்லை, இரண்டு வருடத்துக்கு முன், பவிசுக்குக் கார் வாங்கின ஒருவரைப் பற்றி அக்கா அதே சாப்பாட்டு அறையில் சொல்லி எல்லோரும் வயிறு நோகச் சிரித்திருக்கிறோம். நானும்தான் சிரித்தேன். ஒரு ஆளின் பெயரை எங்கள் சனம் மறந்துவிடும். ‘கொழும்புக்காரி’, ‘சிவப்புக் கோட்’ என்று வாழ்நாளைக் கடத்திவிடும். ஆனால் ஒரு சொல் யாருடையது என்று மறக்காது. சொற்களைப் பொறுக்குகிறவள் என்று பெயர் எடுத்த எனக்கு அது தெரியாமல் போனது. படத்தைப் பெரிதாக்கிக் கீழே ஆங்கிலத்தில் இருந்த வெறும் கைபேசிக் கதையையும் வாசித்திருக்கிறார்கள். அது போதும்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பத்துக்கு அக்கா கைபேசியைக் காதில் வைத்தார்.

“ஓம் மனே…”

“என்னக்கா,” என்றார் லேபிள் அக்கா, தேன் மாதிரி. “உலை கொதிச்சிட்டுதோ?”

மூன்று நான்கு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்காதது போலச் சிரித்தார்கள். அக்கா கேட்ட ஆளைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார். கைபேசியை இறக்கினார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு, தலைவலையைக் கழற்றாமலே வெளியே போனார்.

வேலை முடிந்ததும் ஓட்டமும் நடையுமாகக் கல்லூரிக்குப் போனேன். தாளைக் கழற்ற வேண்டும் என்றேன். ஆசிரியை உடனே வந்து கழற்றித் தந்தார். நான்கு மூலையிலும் ஒட்டுநாடா. ஒரு மூலை கிழிந்தது. நடந்ததைச் சொன்னேன். முகம் வாடிப்போய்க் கேட்டார்: “படிவத்தில் கையெழுத்து இருக்கிறதுதானே? பெயரை மாற்றினீர்கள்தானே?” இரண்டுக்கும் ஓம் என்றேன். “அப்படியானால் நீங்கள் எல்லாம் சரியாகவே செய்திருக்கிறீர்கள்,” என்று என் தோளைத் தொட்டார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அதைப்போல ஒரு அடி என் முதுகில் யாரும் போட்டதில்லை.

புள்ளியை யாரும் குறைக்கவில்லை. அந்தப் புள்ளியோடும், அந்த ஆசிரியை எழுதித் தந்த கடிதத்தோடும்தான் நான் பல்கலைக்கழகத்துக்கு மாறினேன். அங்கே ஒரு தவணை முழுக்க ஆய்வு ஒழுக்கம் என்று ஒரு பாடம். அதிலும் எனக்கு நல்ல புள்ளி.

சனியும் ஞாயிறும் அக்காவுக்குப் போன் எடுத்துக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. நான் எடுக்க முந்தியே லேபிள் அக்கா அவருக்கு எடுத்துவிட்டாராம்; படத்தில் இருந்ததை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தும் காட்டினாராம். “அவ அறிய வேணுமெல்லே. எங்களுக்கென்ன மறைக்கிற பழக்கமோ?” என்று திங்கட்கிழமை காலையில் எனக்கே சொன்னார். பிறகு பெருமூச்சு விட்டார். “எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் எண்டுதான் சொல்லுவினம். நீர் ஆளையே கெடுத்துப்போட்டீர், புரொபசர்.”  ஊரெல்லாம் பரப்பியது அவர். பரப்பக் கொடுத்தது நான்.

அன்று காலை முழுக்க அக்கா எனக்குப் பக்கத்தில் நின்று மூடி பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டிய சொற்களைப் பஞ்சு வைத்துக்கொண்டே அடுக்கி வைத்தேன். பன்னிரண்டு மணிக்கு அவர் என் மேசைக்கு வந்து நின்றபோது, அடுக்கி வைத்த ஒன்றும் வரவில்லை. வாயில் சோற்றோடு, “பேர் மாத்தித்தான் அக்கா எழுதினனான்” என்றேன். படிவத்தின் பாஷை. நான்கு வருடப் படிப்பில் எனக்கு ஒட்டியது அதுதான்.

அதற்குத்தான் அவர் அப்படிக் கேட்டார். பேரை மாத்தினா ஆள் மாறிருமா புள்ள?

  அக்கா வழக்கமாகத் தான் இருக்கும் கதிரைக்குப் போகாமல், எனக்கு எதிர்க் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்தார். சோற்றைப் பிசைந்தார். சுவரில் மணி பன்னிரண்டு பத்து ஆனது. கையைத் துடைத்துவிட்டுக் கைபேசியை எடுத்துக் காதில் வைத்தார்.

“ஓம் மனே. சாப்பிட்டியா மனே?”

 லேபிள் அக்காவின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. அக்கா ஒரு பதில் வருகிற அளவுக்குப் பொறுத்தார். தலையை ஆட்டினார். சிரித்தார்.

“ஓம், எல்லாரும் இஞ்சதான் இருக்காங்க. நல்லா இருக்காங்க. வெள்ளிக்கிழமையும் உன்னத்தான் சுகம் கேட்டாங்க.”

மறுபடியும் பொறுத்தார். இந்தமுறை கொஞ்சம் நீளமாக. பிறகு கைபேசியைக் காதிலிருந்து எடுத்து, மேசைக்கு மேலால் என்னிடம் நீட்டினார்.

“இந்தா புள்ள. உன்னோட கதைக்கணுமாம்.”